சோதனைக் கிணறும் சேமிப்புப் பணமும்

சென்ற மாதம் பவானிப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்பையும் ஜமக்காள இருப்பையும் சரிபார்த்த பின்னர் மனுக்களைப் புரட்டினோம். அவற்றுள் ஒன்று நம் கண்ணில் பட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தறியில் இருக்கும் அங்கத்தினர் ஒருவர், கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துச் சேர்ந்த தம் சிக்கன நிதி முழுவதையும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டியிருந்தார். காரணம் என்னும் இடத்தில் 'மகள் திருமணம்' என்று கண்டிருந்தது. திருமணம் எப்பொழுது என்று காரியதரிசியைக் கேட்டோம். "தையிலேதான். அதற்குள் பணத்தை இரட்டிப்பாக்கிவிடலாம் என்று எண்ணம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

ஆளை வரவழைத்தோம். மஞ்சள் பயிரிடும் தம் மைத்துனரையும் அவர் உடன் அழைத்து வந்தார். விஷயம் இதுதான். கடலில் இயற்கை எரிவாயு தேடும் கம்பெனி ஒன்று, தன் ஆய்வுக் கிணற்றில் நடந்த சோதனையின் முடிவை வெளியிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 2 கோடி கன அடி வீதம் வாயு வந்ததாம். மூன்று நாட்களாகப் பங்கு விலை ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஏறும் என்று கைப்பேசியில் யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார். "ஏனுங்க, கிணத்துல கேஸ் வந்துருச்சுன்னு கம்பெனியே சொல்லுதுங்களே, இனி என்னங்க சந்தேகம்?" என்று கேட்டார் மைத்துனர்.

கேள்வி நியாயமானது. கம்பெனியார் பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிவிப்பையே தேடி எடுத்துப் படித்தோம். அதில் பொய் ஒன்றும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. வாயு வந்தது மெய், அளந்ததும் மெய். ஆனால் 'இரட்டிப்பு' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எத்தனை வருஷம் வரும் என்றும் இல்லை. அவற்றைச் சேர்த்தவர் கைப்பேசிக்காரரே.

மைத்துனரிடம் அவருடைய போர்க்கிணற்றைப் பற்றி விசாரித்தோம். கொங்கு நாட்டு விவசாயியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் போதும். பொழுது போவது தெரியாது. எண்ணூறு அடியில் துளை போட்டபொழுது இரண்டு இஞ்சுத் தண்ணீர் பீறிட்டு வந்ததாகவும், வண்டிக்காரருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்ததாகவும், தேங்காய் உடைத்ததாகவும் சொன்னார். இப்பொழுது எவ்வளவு வருகிறது என்றோம். சற்றே தயங்கினார். சித்திரையில் அரை மணி ஓட்டினால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டியிருக்கிறதாம், ஊற வேண்டுமே!

எரிவாயுக் கிணற்றின் சோதனையும் ஏறக்குறைய இதே கதைதான். ஆழமும் செலவும் மட்டும் வேறு. இதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நல்லது என்பதால் சற்று விரித்து எழுதுகிறோம்.

ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குத் துரப்பணம் செய்து, வழியெங்கும் இரும்புக் குழாயும் சிமெண்டும் இறக்குகிறார்கள். வாயு இருக்கும் பாறை என்று கருவிகள் காட்டும் இடத்தில், குழாயையும் சிமெண்டையும் சிறு வெடிகளால் துளைக்கிறார்கள். பாறையில் வாயு பெரிய அறையில் அடைபட்டுக் கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அன்று. மணற்கல்லின் நுண்ணிய துளைகளில், நனைந்த செங்கல்லில் நீர் இருப்பதுபோல் இருக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தால் வாயு எளிதாக நகரும். இல்லையேல் நிறைய இருந்தும் வெளியே வர மறுக்கும். சோதனையின்பொழுது 'சோக்' எனப்படும் சிறு துளையின் வழியே வாயுவைச் சில மணி நேரமோ சில நாட்களோ வெளியே விட்டு, அளந்து, கொளுத்திவிடுகிறார்கள். அந்தத் தீயின் படம்தான் பத்திரிகைகளில் வருகிறது. தீயைக் கண்டதும் பார்ப்பவர்க்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. தீ பெரிதாக எரிவதே செல்வமாகுமென்றால், 1995ஆம் வருஷம் ஜனவரியில் கோதாவரி டெல்டாவிலுள்ள பாசர்லபூடிக் கிணறு கட்டுமீறித் தீப்பற்றி இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்ததே, அந்த ஊர்த் தென்னந்தோப்புக்காரர்கள் அன்றே குபேரர்களாகியிருக்க வேண்டும்!

சோதனையின் உயிர்நிலை அந்தத் தீ அணைந்த பிறகே தொடங்குகிறது. கிணற்றை அடைத்துவிட்டு, அடியில் அழுத்தம் எப்படித் திரும்ப ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். விரைவாக ஏறிப் பழைய நிலையை எட்டினால், வாயுவைத் தந்த பாறை விரிந்து கிடக்கிறது என்று கொள்ளலாம். பழைய அளவுக்கு வராமல் கீழேயே நின்றுவிட்டால், வெளியே விட்ட சிறிதளவே அந்தப் பாறைக்குக் கணிசமான நஷ்டம் என்று பொருள். அதாவது பை சிறியது. போர்க்கிணற்றில் மோட்டாரை நிறுத்தி நீர்மட்டம் ஊறுவதைப் பார்க்கிறோமே, அதே கணக்கு. எவ்வளவு நேரம் ஓடியது, சோக்கின் அளவு என்ன, அடைத்த பின் அழுத்தம் என்னவாயிற்று என்னும் இவை மூன்றும் இல்லாத அறிவிப்பில், 'நாளொன்றுக்கு 2 கோடி கன அடி' என்பது தராசும் எடைக்கல்லும் காட்டாமல் சொன்ன எடை. நம் நண்பர் காட்டிய அறிவிப்பில் முதலாவது மட்டும் இருந்தது. சில மணி நேரம்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சில அறிவிப்புகளில், உண்மையில் வந்த அளவோடு, கிணற்றைத் தடையே இல்லாமல் திறந்துவிட்டால் எவ்வளவு வரும் என்று காகிதத்தில் கணித்த அளவும் சேர்ந்திருக்கும். அது பல மடங்கு பெரியதாகத் தெரியும். அந்த அளவில் எவரும் வாயு எடுப்பதில்லை. தலைப்பில் எந்த எண் இருக்கிறது என்பதைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

சோதனை நன்றாக முடிந்த கிணறுகள் பிறகு என்ன ஆயின? நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. காக்கிநாடாவுக்கு அப்பால் ஆழ்கடலில், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி-6 பகுதியில், 2002ஆம் வருஷம் ரிலையன்ஸ் கம்பெனி எரிவாயுவைக் கண்டது. அதில் பத்தில் ஒரு பங்கு, கனடா நாட்டுக் கால்கரி நகரத்து நைக்கோ ரிசோர்ஸஸ் என்னும் சிறிய கம்பெனியுடையது. அவ்வருஷத்தில் உலகில் கண்ட பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று என்று அது பேசப்பட்டது. பேச்சு வீணன்று, உப்பாடாவில் ஜம்தானிச் சேலை நெய்யும் நெசவாளர்கள் வாழும் அதே கரையோரத்தில், காடிமோகா என்னும் கிராமத்தில், வாயுவை வாங்கிச் சுத்தம் செய்யும் பெரிய நிலையம் எழுந்தது. அங்கிருந்து குஜராத்தின் பரூச்சு வரை ஏறத்தாழ 1,400 கிலோ மீட்டருக்குக் குழாய் பதிக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் வாயு வரத் தொடங்கியது.

2006இல் தயாரித்த திட்டத்தில், முக்கியமான இரு வயல்களிலிருந்து எடுக்கத்தக்கது 10 இலட்சம் கோடி கன அடி என்றும், நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எடுக்கலாம் என்றும் கண்டிருந்தது. 2010இல் உற்பத்தி 6 கோடி கன மீட்டரை எட்டியது. அதுவே உச்சம். பிறகு இறங்கத் தொடங்கி, நான்கு வருஷத்துக்குள் அதில் கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. 2012இல் திருத்திய கணக்கில் 10 என்பது ஏறத்தாழ 3 ஆயிற்று. 2020 பிப்ரவரியில் அவ்விரு வயல்களும் அடியோடு நின்றன. பூமியின் அமைப்பு எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது, அழுத்தம் குறைந்தது, நீரும் மணலும் கிணற்றில் புகுந்தன என்றார்கள் கம்பெனியார். ஒப்புக்கொண்ட தொகையளவு கிணறுகளைத் தோண்டவில்லை என்றார்கள் சர்க்கார். வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இங்கே முதற் கிணறு ஏமாற்றவில்லை. மேலும் கிணறுகள் தோண்டி, நிபுணர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய கணக்கே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அப்படியிருக்க, ஒரே கிணற்றில் சில மணி நேரம் பார்த்த அளவை வைத்துத் திருமண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா?

பெரிய கம்பெனிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு, துணி, தொலைபேசி என்று வேறு பல தொழில்கள் இருந்தன, அது தாங்கிக்கொண்டது. நைக்கோவின் கதை வேறு. அதன் பங்கு ஒன்று 2010இல் 100 கனடா டாலருக்கு மேல் விலை போயிற்று. இங்கே உற்பத்தி சரிந்தது; இந்தோனேஷியா முதலிய இடங்களில் தோண்டிய கிணறுகளும் கைகொடுக்கவில்லை; கடன் கழுத்தை நெரித்தது. சில வருஷங்களில் அதே பங்கு சில காசுகளுக்கு வந்துவிட்டது. பின்னர் டி-6இன் அடுத்த வயல்களுக்குத் தன் பங்குச் செலவைக் கட்ட முடியாமற்போய், அந்தப் பத்தில் ஒரு பங்கையும் கூட்டாளிகளிடம் இழந்தது. நூறு டாலர் கொடுத்து வாங்கியவர்களுள் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஓய்வூதியக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறோம். எந்த ஊரிலும் சேமிப்பவர் அவர்கள்தாமே.

அதே படுகையில் இன்னொரு கிணறு. 2005 ஜூன் மாதம், குஜராத் மாநில சர்க்காருக்குச் சொந்தமான பெட்ரோலியக் கழகம் 20 இலட்சம் கோடி கன அடி வாயுவைக் கண்டுவிட்டதாக அம்மாநில முதலமைச்சரே அறிவித்தார். அதன் மதிப்பு 2 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் சொல்லப்பட்டது. 5,000 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம். கடும் வெப்பம், கடும் அழுத்தம். பாறையோ வாயுவை எளிதில் விடாத இறுகிய பாறை. பின்னர் வயலை வளர்க்கத் திட்டம் போட்டபொழுது, எடுக்கத்தக்கது ஏறத்தாழ 1 இலட்சம் கோடி கன அடி என்று வந்தது. 2015 மார்ச் முடிவில் கழகத்தின் கடன் ஏறத்தாழ 19,700 கோடி ரூபாய். 2017இல் அந்த வயலின் 80 விழுக்காட்டுப் பங்கை எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் ஏறத்தாழ 7,700 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. தணிக்கை அறிக்கைகள் கடுமையாகவே எழுதின. தணிக்கை அறிக்கை படிப்பது நமக்குத் தொழிலாதலால், மற்றவர்க்குக் கசப்பான அவற்றை நாம் விருப்பத்தோடு படித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

'இருக்கிறது' என்னும் ஒரு சொல்லில்தான் இத்தனை குழப்பமும். பாறையில் இருப்பது ஓர் அளவு. அதில் வெளியே எடுக்க முடிவது வேறு அளவு. எடுத்து, குழாய் போட்டு, சர்க்கார் அனுமதிக்கும் விலைக்கு விற்று, செலவு போக மிஞ்சத்தக்கது இன்னும் சிறிய அளவு. இந்தக் கடைசி அளவையே துறையினர் கையிருப்பு என்கிறார்கள். அதிலும் மூன்று தரம் வைத்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது வாய்ப்பு இருப்பதாகக் கருதும் அளவு ஒன்று. பாதிக்குப் பாதி வாய்ப்புடையது ஒன்று. பத்தில் ஒன்றே வாய்ப்புடையது இன்னொன்று. மூன்றாவது எண்தான் எப்பொழுதும் பெரியது. கைப்பேசிச் செய்திகளில் வருவது எது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ? மஞ்சள் பயிரிடுகிறவருக்கு இது புதிதன்று. வயலில் நிற்கும் பயிரும், தோண்டி எடுத்த பச்சை மஞ்சளும், வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றி ஈரோட்டுக் கூடத்தில் எடை போட்ட குவிண்டாலும் ஒன்றா?

இவ்வளவும் எழுதியதால், கடலில் வாயுவே இல்லை என்றோ, தேடுவதே வீண் என்றோ எவரும் கொள்ள வேண்டாம். டி-6 பகுதியிலேயே ரிலையன்ஸும் பிரிட்டனைச் சேர்ந்த பி.பி. கம்பெனியும் சேர்ந்து வேறு வயல்களை வளர்த்தன. 2020 டிசம்பர் முதல் அவை ஒவ்வொன்றாக உற்பத்திக்கு வந்து, 2023இல் மூன்றாவது வயலும் சேர்ந்தபொழுது நாளொன்றுக்கு 3 கோடி கன மீட்டர் அளவை நெருங்கின. பொறுமையும் பெருமூலதனமும் உடையவர்கள் இருபது வருஷம் காத்திருந்து பார்த்த பலன் அது. தையில் திருமணம் வைத்திருப்பவர்க்கு இருபது வருஷம் ஏது?

அங்கத்தினர்களுக்கு எரிவாயுவோடு நேரான தொடர்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நம் சங்கக் கிடங்குகளில் அடுக்கியிருக்கும் யூரியா மூட்டை எரிவாயுவிலிருந்து பிறந்தது. வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றின் நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி வாயுவின் விலையே. கூட்டுறவுத் துறையின் இப்கோ, கிரிப்கோ ஆலைகளும் வாயுவைக் கொண்டு ஓடுகின்றன. அதனால்தான் 2009இல் டி-6 வாயு வந்தபொழுது உர ஆலைகளுக்கு முதலிடம் என்று சர்க்கார் வரிசை வகுத்தார்கள். உற்பத்தி சரிந்தபொழுது ஆந்திரத்தின் வாயு மின்நிலையங்கள் பல சும்மா கிடந்தன. உர ஆலைகள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த விலை மிகுந்த வாயுவைச் சேர்த்துக்கொண்டன. விவசாயி கொடுக்கும் மூட்டை விலை அதனால் ஏறவில்லை. வித்தியாசத்தை மானியமாகப் பொதுப்பணம் சுமந்தது. ஆகவே கடற்கிணறு ஒன்று நன்றாக ஓடினால் நமக்கும் நன்மையே. அந்த நன்மை, பங்கு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மூட்டையின் வழியே வந்து சேரும்.

சிறிய கம்பெனிகள் விஷயத்தில் மற்றொன்றும் உண்டு. சோதனை முடிவு நன்றாக இருந்தால், அடுத்த கிணற்றுக்குப் பணம் வேண்டும். கடலில் ஒரு கிணறு என்றால் கோடிக்கணக்கில் செலவு. பங்கு விலை ஏறியிருக்கும் அந்த வேளைதான் புதுப் பங்குகள் வெளியிட ஏற்ற காலம், வெளியிடுவார்கள். அதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. ஆயினும் பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்கு மெலிந்துபோகிறது. நம் சங்கங்களில் ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு. இலாபப் பங்குக்கும் உச்சவரம்பு உண்டு. பங்கை அதன் முகமதிப்புக்கே திருப்பித் தருகிறோம். இதைச் சலிப்பாக நினைக்கும் இளைஞர்கள் உண்டு. 'உங்கள் சங்கப் பங்கு பத்து வருஷமாகப் பத்து ரூபாயிலேயே நிற்கிறதே' என்று ஒருவர் நம்மிடம் கேலி செய்ததும் உண்டு. ஆம், நிற்கிறது.

மறுபடியும் பவானிக்கு வருவோம். இவற்றையெல்லாம் சங்கத் திண்ணையில் அமர்ந்து, ஏறத்தாழ இதே முறையில் அவ்விருவருக்கும் சொன்னோம். தம் பணத்தை எடுக்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. மனு விதிப்படி இருந்தால் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. அதையும் மறைக்காமல் சொன்னோம். காரணம் என்னும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்குமாறு மட்டும் கேட்டோம். நெசவாளர் மனுவைக் கையில் வாங்கினார். பேனாவையும் வாங்கினார். 'மகள் திருமணம்' என்பதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்றபொழுது, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கிணத்த அடைச்சு வெச்ச கணக்கு வந்த பொறவு பாக்கலாமுங்க" என்றார்.

மைத்துனர் நம் பேச்சை முழுவதும் ஏற்றதாகத் தெரியவில்லை. மஞ்சள் விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்கில் போட்டுவிட்டதாகக் காரியதரிசி பின்னர் எழுதியிருந்தார். அது அவர் உழைத்துச் சேர்த்த பணம். சோதனைக் கிணற்றை அடைத்த பின் அழுத்தம் என்னவாயிற்று என்பது பற்றிக் கம்பெனியின் அடுத்த அறிவிப்பு, இதை அச்சுக்கு அனுப்பும் வரையில் வரவில்லை.